போட்ட பணத்துக்காக ஒரு வசதியைத் தொடரலாமா?

கேள்வி – பெருங்குடி பிஎம்:
மளிகைக் கடைகளுக்கான ஆப் ஒன்றுக்கு ப்ராடக்ட் மேனேஜராக இருக்கிறேன். அதில் சரக்கு இருப்பு பார்க்கும் பகுதிக்குத்தான் அதிகப் பணமும் ஆளும் போயிருக்கிறது. பெரம்பூர், கொளத்தூர் பக்கம் கடைக்காரர்கள் அதைத் திறப்பதே இல்லை. வாடிக்கையாளர் பாக்கியைக் குறித்துக்கொள்ள மட்டும் ஆப்பைத் தொடுகிறார்கள். நிறுத்திவிடலாம் என்றால், "இவ்வளவு போட்டாச்சே, இன்னும் ஒரு ரிலீஸ் பார்ப்போம்" என்கிறார் எங்கள் எம்டி. அவரிடம் எப்படிப் பேசுவது?

பதில் – அடையாறு வாசகர்:
அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, மனித மனசே அப்படித்தான். ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985ல் இதைப் பற்றி எழுதினார்கள். நாடக சீசன் டிக்கெட் வாங்கியவர்களில் சிலருக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தபோது, சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனது முழு விலை கொடுத்தவர்கள்தான். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான்; கையை விட்டுப் போன பணம் ஆளை இழுத்திருக்கிறது.

அதனால் "உங்கள் முடிவு தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். கம்ப்யூட்டர் சிப் நிறுவனமான இன்டெல்லை வளர்த்தது மெமரி சிப். 1985ல் ஜப்பானியப் போட்டியில் அது நஷ்டமாகிக்கொண்டிருந்தபோது, அதன் பிரசிடென்ட் ஆண்டி க்ரோவ், சிஇஓ கோர்டன் மூரிடம் கேட்டார்: நம்மை அனுப்பிவிட்டுப் புது சிஇஓவைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டு வெளியேறுவார் என்றார் மூர். அதை நாமே செய்யலாமே என்றார் க்ரோவ். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் யார் மேலும் பழி விழுவதில்லை. உங்கள் எம்டியிடமும் கேளுங்கள்: இந்தப் பகுதி இன்று நம்மிடம் இல்லை என்றால், புதிதாக ஆரம்பிப்போமா?

பதில் – கொளத்தூர் கடைக்காரர் மகன்:
திறக்கவில்லை என்பதால் தேவையில்லை என்று அர்த்தமில்லை சார். அப்பா கடையில் சரக்கு இறங்கும் நேரத்தில்தான் கூட்டமும் இருக்கும். ஒவ்வொரு பொருளாக யார் டைப் செய்வது? மொத்த வியாபாரி கொடுக்கும் பில்லைப் போட்டோ எடுத்தாலே பதிவாகும் என்றால் அப்பா பயன்படுத்துவார். நிறுத்துவதற்கு முன் ஒரு காலை கல்லாப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

பதில் – பெருங்குடி பிஎம்:
பில் போட்டோ யோசனையை நாங்கள் பேசியதே இல்லை. அப்போ அந்த இன்னொரு ரிலீஸுக்குச் சம்மதிக்கலாமா?

பதில் – அடையாறு வாசகர்:
தாராளமாக. ஆனால் வேலை தொடங்கும் முன்பே, எத்தனை கடைகள் எந்தத் தேதிக்குள் பயன்படுத்தினால் தொடர்வோம், இல்லையென்றால் நிறுத்துவோம் என்று எழுதிவிடுங்கள். அந்த எண்ணை எம்டியே சொல்லட்டும்.