தண்ணீர் எப்போது வரும் என்று யார் சொல்வது? பேரூராட்சி அனுபவங்களைப் பகிருங்கள்

தெற்கே ஒரு சின்னப் பேரூராட்சியில் 26 வருஷமாகக் குடியிருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் 4 நாளைக்கு ஒரு முறை. தாமிரபரணியிலிருந்து கூட்டுக் குடிநீர்க் குழாயில் வந்து, மேல்நிலைத் தொட்டியில் ஏறி, அங்கிருந்து தெருத்தெருவாகத் திறந்துவிட வேண்டும். நடுவில் ஒரு வால்வு பழுதானால் போதும், 4 நாள் 6 ஆகும், 7 ஆகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எப்போது வரும் என்றே தெரியாமல் ராத்திரி முழுக்கக் குழாயில் காதை வைத்துக்கொண்டு கிடப்பதுதான் கொடுமை.

3 வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்கு மகள் பிரசவம் முடிந்து வந்திருந்தாள். பச்சைப் பிள்ளை. துணி அலசத் தண்ணீர் இல்லை. பிள்ளையின் ஆச்சி 2 ராத்திரி வாசல்படியில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் திறந்துவிடும் அண்ணாச்சி சைக்கிளில் போனார். நிறுத்திக் கேட்டேன்.

“மெயின் லைன் ஒடைஞ்சு கெடக்கு தாயி. நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் வராது.”

எப்போது உடைந்தது என்றால், முந்தாநாள். முந்தாநாளே சொல்லியிருக்கலாமே என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். “நான் சொல்ல மாட்டேன்னா சொல்லுதேன்? யார்ட்டச் சொல்லணும்னு ஒரு ஆள் இல்லையே.”

நியாயம்தானே. 11 தெருவுக்கும் வீடு வீடாகப் போய் அவர் ஒருத்தர் எப்படிச் சொல்ல முடியும்? என் நம்பரை அவரிடம் கொடுத்தேன். எங்கள் தெருவுக்கு வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஏற்கெனவே இருந்தது. காலை வணக்கமும் சாமி படமும்தான் அதில் வரும். அன்றைக்கு அதில் போட்டேன்: “மெயின் லைன் உடைப்பு. நாளை மாலை வரை தண்ணீர் இல்லை. இன்று ராத்திரி யாரும் முழித்திருக்க வேண்டாம்.” பக்கத்து வீட்டு ஆச்சி அன்றைக்குத்தான் பாயில் படுத்துத் தூங்கினார்கள்.

அப்படியே பழக்கமாகிவிட்டது. வாரத்தில் 2 நாள், காய்கறி வாங்கப் போகிற வழியில் பேரூராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வருவேன். பலகை இருப்பது டூவீலர் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால். வண்டிகளுக்கு நடுவே சேலையை ஒதுக்கிக்கொண்டு புகுந்து போய்த்தான் படிக்க வேண்டும். டெண்டர், வரி, நாய்களுக்குத் தடுப்பூசி முகாம் என்று எல்லாம் அங்கேதான் ஒட்டியிருக்கும். நோட்டில் குறித்துக்கொண்டு வந்து, நாலு வரியில் சாதாரணப் பேச்சாக எழுதிப் போடுவேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ்.

பகுதி சபா, அதாவது வார்டு மக்கள் கூடிப் பேசும் கூட்டம், அதன் அறிவிப்பும் அப்படித்தான் ஒரு நாள் கண்ணில் பட்டது. கிராம சபை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது ஊராட்சிக்கு மட்டும்தான். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளுக்கு வார்டு குழு, பகுதி சபா என்று விதிகள் வந்ததே 2022-ல்தான். அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் முறையாகக் கூட்டினார்கள். அதற்கு முன்னால் 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை எங்களுக்குக் கவுன்சிலரே கிடையாது. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்களே நிர்வாகத்தைப் பார்த்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் இருந்த ஐந்தரை வருஷம் அது. அதனாலேயே இந்தக் கூட்டத்தை விடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

சமுதாயக் கூடத்தில் 60 நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் 14 பேர். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. ஆனால் கூட்டம் தொடங்கியதும் கவுன்சிலரின் வீட்டுக்காரர்தான் எழுந்து பேசினார். பின்வரிசையிலிருந்து ஒரு ஆச்சி சத்தமாகச் சொன்னார்கள்: “உங்க வீட்டம்மாவுக்குத்தானய்யா ஓட்டுப் போட்டோம், அவுக பேசட்டும்.” அவர் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் எழுந்து நின்றபோது கையிலிருந்த தாள் நடுங்கியது. இன்றைக்கு இன்ஜினியரிடம் வாறுகால் (கழிவுநீர்க் கால்வாய்) எத்தனை அடி ஆழம் என்று கேட்டு வாதாடுகிறவர் அவர்தான். அந்த ஆச்சியை நான் நன்றியோடு நினைக்காத நாள் இல்லை.

நான் சொல்லப் போனதும் வாறுகால் விஷயம்தான். மேலே மூடியிருந்த சிலாப் உடைந்து, பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் கால் உள்ளே போய் எலும்பு முறிந்துவிட்டது. அதற்காகவே 3 மனு கொடுத்திருந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் எல்லோரும் பேசி முடித்த பிறகு பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். “பொதுமக்கள் வாறுகால் வசதி கோரினர்” என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

“தம்பி, இதில் எந்தத் தெரு என்றே இல்லையே” என்று எழுதிய பையனிடம் கேட்டேன். அவனும் முகம் சுளிக்கவில்லை. நான் சொல்லச் சொல்லத் திருத்தி எழுதினான். ரேஷன் கடைக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் நடுவில், 3 சிலாப், எந்த மாதம் பையன் விழுந்தான், எல்லாமே. அதைச் சத்தமாக வாசித்தோம். 14 பேரும் கையெழுத்துப் போட்டோம். 40 நாளில் புது சிலாப் வந்து இறங்கியது. “வாறுகால் வசதி” என்று எழுதினால் ஊரில் எந்த வாறுகாலையும் காட்டி வேலை முடிந்தது என்று சொல்லிவிடலாம். பிள்ளையார் கோயில் என்று எழுதிவிட்டால் பிள்ளையார் கோயிலுக்குத்தான் வர வேண்டும்.

தெரு முனையில் இருக்கும் சின்னப் பாலம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. எஸ்டிமேட் போட்டாயிற்று என்கிறார்கள், காகிதத்தை யாரும் காட்டவில்லை. உங்கள் ஊர்களில் எப்படி? நடந்ததை எழுதுங்கள்.

* * *

அக்கா, நான் கொங்குப் பக்கம். எங்கள் ஊர் இன்னும் ஊராட்சிதான். 2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளைப் பக்கத்து நகரங்களோடு சேர்க்கும் அறிவிப்பு வந்ததே, எங்கள் ஊர் பெயரும் பேச்சில் அடிபட்டது. அந்த ஜனவரி 26 கிராம சபைக்கு வந்த கூட்டத்தை என் ஆயுளில் பார்த்ததில்லை. பெண்கள்தான் முக்கால்வாசி. நகரமானால் 100 நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்பதுதான் பேச்சு. என் அம்மாவும் அந்த வேலைக்குப் போனவர். வீட்டில் மருந்துச் செலவுக்கு அந்தக் கூலிதான்.

எனக்கு மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. பாதாளச் சாக்கடையும் நல்ல ரோடும் வேண்டும் என்று நானே பேசியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அம்மா எழுந்து, “ரோடு வரட்டும் சாமி, வேண்டாம்னு சொல்லல. அதுல நடந்து நான் எந்த வேலைக்குப் போறதுன்னு சொல்லீட்டுப் போடுங்க” என்று கேட்டபோது அதிகாரிகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். நீங்கள் சொன்னது போல வாசகத்தைப் படித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த முறை படிப்பேன்.

* * *

பாலம் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு வழி இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1) என்று தலைப்புப் போட்டு, பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். “ஏன் கட்டவில்லை” என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவ முடியும். “மதிப்பீட்டு நகல் தருக, மன்றத் தீர்மான எண், தேதி தருக” என்று இருக்கிற காகிதத்தைக் கேளுங்கள். எங்கள் தெருவிளக்குக்கு நான் அப்படித்தான் கேட்டேன். 28-ம் நாள் பதில் வந்தது, அடுத்த வாரம் விளக்கும் வந்தது.

இன்னொன்றையும் உங்கள் குரூப்பில் போடுங்கள். சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் குறையும். அதிகபட்சம் 5,000 ரூபாய். பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது.

* * *

எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். என் அம்மா ஒரு பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர், ஒப்பந்த வேலை. காலை ஐந்தரைக்கு பேட்டரி வண்டியோடு கிளம்புவார். மக்கும் குப்பை பச்சைத் தொட்டி, மக்காதது நீலத் தொட்டி. வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-லிருந்தே விதி இருக்கிறது. அம்மாவின் தெருக்களில் பத்து வீட்டில் மூன்று வீடு பிரித்துக் கொடுத்தால் பெரிது. மீதியை வளம் மீட்பு பூங்காவில், அதாவது குப்பையைத் தரம் பிரிக்கும் இடத்தில் உட்கார்ந்து அம்மாவும் மற்றவர்களும் கையால் பிரிக்கிறார்கள்.

போன தீபாவளிக்கு மறுநாள் ஒரு பையில் உடைந்த கண்ணாடி டம்ளர் இருந்தது. உறையைத் தாண்டி வலது உள்ளங்கையில் கட்டை விரலுக்குக் கீழே கிழித்துவிட்டது. 6 தையல். ஒரு மாதம் சோற்றை இடது கையால் ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட்டார். யார் வீட்டுப் பை என்று அம்மாவுக்குத் தெரியும், கேட்கவில்லை. அந்த வீட்டு அம்மா தினமும் ஒரு செம்பு மோர் கொடுப்பவராம்.

உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி எதுவானாலும் பழைய பேப்பரில் நன்றாகச் சுற்றி, தனியாகக் கையில் கொடுத்து, “இதில் கண்ணாடி இருக்கு” என்று வாயால் சொல்லுங்கள். சானிட்டரி நாப்கினையும் டயப்பரையும் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அக்கா, உங்கள் குரூப்பில் இதையும் ஒரு வாய்ஸ் மெசேஜாகப் போடுவீர்களா?

* * *

ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

கண்ணாடி விஷயத்தை அன்றைக்கு ராத்திரியே போட்டேன் தம்பி. உங்கள் அம்மாவின் கை என்று சொல்லவில்லை, ஒரு அக்காவின் கை என்று சொன்னேன். மறுநாள் காலை எங்கள் தெருவுக்கு வண்டி தள்ளி வரும் பெண், 4 வீட்டில் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மாவுக்கு இப்போது விரல் நன்றாக மடங்குகிறதா? எழுதுங்கள்.

சார், நீங்கள் சொன்ன மாதிரியே 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். 26-ம் நாள் பதில் வந்தது. மதிப்பீட்டு நகலில் பாலம் இருக்கிறது, ஆனால் எங்கள் தெரு முனையில் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் வேறொரு பாலத்தை அளந்திருக்கிறார்கள். கவுன்சிலரிடம் காட்டினேன். அவரும் நானும் டேப் எடுத்துக்கொண்டு போய் எங்கள் பாலத்தை அளந்தோம். அகலம் 9 அடி, ஒரு பக்கச் சுவர் பாதி விழுந்து கிடக்கிறது. அதைத் தாளில் எழுதி, ரேஷன் கடையிலிருந்து எத்தனை அடி என்பது வரைக்கும் சேர்த்து, செயல் அலுவலரிடம் கொடுத்து முத்திரையோடு ரசீது வாங்கிவிட்டோம். அடுத்த மன்றக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

தண்ணீர் அண்ணாச்சிக்கு வைகாசியோடு ஓய்வு. புதிதாக வரப்போகிற பையனை நேற்று அவரே கூட்டிக்கொண்டு வந்து, “இந்த அக்கா நம்பரை முதல்ல எழுதிக்கோ” என்றார்.