பழைய வாடகை வீட்டில் உரியும் எனாமல் பெயிண்ட்: ஈயம் இருக்குமா, சட்டம் என்ன சொல்கிறது?

கீழக்கரை வீட்டுக்காரர்:
1970களில் கட்டிய வீடு, வாடகைக்கு விடுகிறேன். கதவு, ஜன்னல், கிரில் எல்லாம் மஞ்சள், பச்சை எனாமல். ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து பூச்சு. உப்புக் காற்றில் பொருக்குப் பொருக்காக உரிகிறது. அடுத்து வரும் குடும்பத்தில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்தால் போதுமா? சட்டப்படி என் பொறுப்பு என்ன?

தொண்டி:
காக்கா (அண்ணே), முதலில் சட்டம். 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது. இந்த விதி தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும்தான். ஏற்கெனவே கதவில் இருப்பதைப் பற்றிப் பேசவில்லை. அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீடென்றால், ஈயப் பெயிண்ட் இருப்பது தெரிந்தால் குடிவருபவருக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது உங்கள் வேலை. குழந்தை இருக்கும் வீடு, சட்டம் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

சந்தேகம் தீர, மரம் தெரியும் வரை எல்லாப் பூச்சும் சேர்த்து ஒரு சில்லு பெயர்த்து என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரமுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மேல் பூச்சை மட்டும் கொடுத்தால் புதுப் பெயிண்டின் அளவுதான் வரும்.

மண்டபம் பெயிண்ட் வேலை:
சுரண்டுவதில்தான் ஆபத்தே இருக்கிறது. உலர்ந்த உப்புத்தாள், கிரைண்டர், தீ மூன்றும் வேண்டாம். தூளும் புகையும் வீடு முழுக்கப் படியும். தண்ணீர் தெளித்து நனைத்து நனைத்துச் சுரண்டி, 80ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை செய்பவருக்கு என்95 முகக்கவசமாவது வேண்டும். கீழே தடித்த பிளாஸ்டிக் ஷீட்: உள்ளே 6 அடி, வெளியே 10 அடி. கிணறு, தொட்டி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் மூடுங்கள். கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாளில் வெளிவேலை வேண்டாம். முடிந்ததும் விளக்குமாறு தொடாமல், சோப்புத் தண்ணீரில் துடைத்து, வேறு வாளி நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடையுங்கள்.

கெட்டியாக ஒட்டியிருக்கும் பூச்சைக் கிளறாமல் மேலேயே அடிக்கலாம். நிலையில் உரசும் கதவு விளிம்பு, ஜன்னல் சட்டம் மட்டும் அப்படி விடக் கூடாது. மூடித் திறக்கும்போதெல்லாம் தூளாகும். அங்கே மரம் வரை எடுங்கள். கிரிலில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு சிங்க் பாஸ்பேட் பிரைமர் அடியுங்கள். உப்பு உள்ளே தங்கினால் மறுபடி பொங்கும்.

கீழக்கரை வீட்டுக்காரர்:
அவர்கள் குடிவந்த பிறகு அறை அறையாகச் செய்யலாமா?

மண்டபம் பெயிண்ட் வேலை:
வேண்டாம். காலி வீட்டிலேயே முடித்துத் துடைத்துவிட்டுச் சாவி கொடுங்கள்.

பாம்பன்:
படகுக்கு வாங்கி மிஞ்சிய பெயிண்டைக் கதவுக்கு அடிக்காதீர்கள். 90 பிபிஎம் விதி வீட்டுப் பெயிண்டுக்கு மட்டும்தான். ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டவில்லை என்ற வாசகம் டின்னில் இருக்கிறதா பாருங்கள். கழற்றிய பலகையை யாருக்கும் அடுப்பெரிக்கக் கொடுக்காதீர்கள். ஈயம் புகையிலும் சாம்பலிலும் போகும், அந்தச் சாம்பலிலேயே பாத்திரம் துலக்குகிறார்கள்.