அம்மாவின் குளிசைப் பெட்டி

ஹாரோ அக்கா:
மூளை, முதுகுத்தண்டு நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸுக்கு (எம்.எஸ்), வேறு நோய்களுக்கான பழைய மருந்துகளைப் பரீட்சித்துப் பார்த்தவர்கள் தங்கள் கதையைச் சொல்லுங்கள் என்று நம் எம்.எஸ் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். முதல் ஆளாக நானே தொடங்குகிறேன்.

2019இல் இங்கே பிரிட்டனில் எம்.எஸ்-ஸ்டாட்2 என்ற மருந்துச் சோதனையில் சேர்ந்தேன். மருந்து சிம்வாஸ்டாட்டின். அம்மா கொலஸ்ட்ரோலுக்கு வருடக்கணக்காகப் போடுகிற அதே குளிசை! காப்புரிமை முடிந்த மருந்து, எந்தக் கம்பெனி இதற்குக் காசு போடும்? அரசின் ஆராய்ச்சி நிதியோடு எம்.எஸ் சங்கத்தின் நன்கொடைப் பணமும் சேர்ந்துதான் நடந்தது. என் மருமகன்கூட அந்தச் சங்கத்துக்குக் காசு சேர்க்க ஒருமுறை ஓட்டத்தில் ஓடினவர், மூச்சிரைக்க.

முதல் மாதம் 40 மில்லிகிராம், பிறகு 80. உண்மை மருந்தா வெறும் குளிசையா என்று எங்களுக்கும் தெரியாது, பார்க்கிற வைத்தியருக்கும் தெரியாது. போகிற நேரமெல்லாம் 25 அடி நடக்கவேண்டும், நேரம் குறிப்பார்கள். நடையைவிட, கை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற ஒன்பது ஓட்டைப் பலகைதான் என்னை அழவைத்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குச்சியைச் செருகி, திரும்ப எடுக்கவேண்டும். இடக்கையால் செய்யும்போது குச்சி மேசைக்குக் கீழே உருண்டு ஓடும்.

கால் உளைந்தால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சிம்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மருந்துகளுக்குத் தசை நோகும் என்று கேள்விப்பட்டிருந்தேன், அப்போ எனக்குக் கிடைத்தது மருந்துதான்! எம்.எஸ்ஸுக்கும் கால் உளையும் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

ஆசைக்குக் காரணம் இருந்தது. இதே மருந்தை வைத்து 140 பேரில் செய்து 2014இல் முடிவு வெளியான முதல் சோதனையில், மருந்து எடுத்தவர்களுக்கு மூளை சுருங்கும் வேகம் 43 சதவீதம் குறைந்திருந்தது. எங்கள் சோதனையில் 964 பேர். 2024 செப்டெம்பரில் கோபன்ஹேகனில் முடிவைச் சொன்னார்கள்: நோய் முற்றுவதை மருந்து தடுக்கவில்லை. மருந்து எடுத்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு முற்றியது, எடுக்காதவர்களில் 37. குசினியில் நின்று வாசித்தேன். பருப்பு அடிப்பிடித்துப்போனது.

ஒஸ்லோ தம்பி:
அக்கா, உங்களுக்காவது ஒழுங்கான சோதனை. இங்கே நோர்வேயில் 2013இல் டிவி2 தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி போனது, அவ்வளவுதான். குடியை நிறுத்தக் கொடுக்கிற நால்ட்ரெக்ஸோன் மருந்தைக் குறைந்த அளவில் கேட்டு நாடே குடும்ப வைத்தியர்களிடம் போனது. அதற்கு முன் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், ஒரு வருடத்துக்குள் பத்தாயிரத்துக்கு மேல். என் மனைவியும் ஒருவர். இங்கிலாந்தில் லிண்டா எல்ஸ்குட் என்ற எம்.எஸ் நோயாளி 2004இலேயே இந்த மருந்துக்காக அறக்கட்டளை தொடங்கியவர், அதையெல்லாம் இரவிரவாக வாசித்தோம்.

மனைவிக்கு ஆறு மாதம் நல்ல நித்திரை, முகத்தில் ஒரு தெளிவு. பிறகு பழையபடி. 2017இல் மருந்துப் பதிவேடுகளை வைத்து ஆராய்ந்தார்கள்: இதை எடுத்த எம்.எஸ் நோயாளிகள் மற்ற மருந்துகளைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அந்த ஆறு மாத நித்திரையைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எம்.எஸ்ஸுக்கான மெயின் மருந்தை அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை, நானும் விடவில்லை.

காவேரிக்கரை:
திருச்சியில் என் கதை வேற. நால்ட்ரெக்ஸோன் இங்க குடியை நிறுத்துறதுக்குக் கொடுக்கிற 50 மில்லிகிராம் மாத்திரை. நமக்கு வேண்டியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்ல. மெடிக்கல்ல கேட்டதும், "வீட்டுக்காரருக்காம்மா?"ன்னு குரலைத் தாழ்த்திக்கிட்டார். "இல்லண்ணா, எனக்குத்தான்"னேன். அப்புறம் அவர் என் முகத்தையே பார்க்கல!

நல்லவேளை, வாங்குறதுக்கு முன்னாடி நரம்பு டாக்டர்கிட்ட கேட்டேன். வலிக்கு டிரமடால் சாப்பிட்டுட்டு இருந்தேன். ரெண்டும் சேரவே கூடாதாம், ஒண்ணு இன்னொண்ணைத் தடுத்துடும், உடம்பு படாதபாடு படும்னார். டிரமடால் எழுதினது வேற டாக்டர், இவருக்குத் தெரியாது. நானும் சொல்லியிருக்கல.

ஹாரோ அக்கா, இன்னொரு தடவை சோதனைக்குக் கூப்பிட்டா போவீங்களா?

ஹாரோ அக்கா:
ஆக்டோபஸ் என்ற இன்னொரு எம்.எஸ் சோதனைக்குப் பெயர் கொடுத்துவைத்திருக்கிறேன் தங்கச்சி. திட்டம் போடும்போதே எங்களைப் போன்ற நோயாளிகளையும் கூட இருத்தினார்களாம். பல மருந்துகளை ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள், இடையில் எம்.ஆர்.ஐயில் பலன் தெரியாததை நிறுத்திவிடுவார்கள். பலனில்லாத மருந்துக்காக எங்களைப்போல கடைசிவரை காத்திருக்கத் தேவையில்லை. முதலில் எடுத்தவை ரெண்டு: லிப்போயிக் அமிலம், மெட்ஃபோர்மின்.

மெட்ஃபோர்மின் என்றதும் அம்மா சிரித்தார். அது அவருடைய சீனி வருத்தத்துக்கான குளிசை. "உனக்கு வேண்டியதெல்லாம் என்ர பெட்டிக்குள்ளதான் கிடக்குது, பிள்ளை" என்றார்.