புது போர்வெல்லில் மழை பெய்தால் செம்மண் தண்ணீர்: மோட்டாரை இறக்கவா, இன்னும் ஆழமாகப் போடவா?

அருமனை விளை
கன்னியாகுமரி மாவட்டத்து அருமனைப் பக்கம் எங்களுக்கு 18 சென்ட் விளை (தோட்டம்). தாத்தா வெட்டிய 34 அடிக் கிணறு இரண்டு வருடமாகப் பங்குனியிலேயே அடிமண்ணைக் காட்டுகிறது. அதனால் பிப்ரவரியில் போர் போட்டோம். மொத்தம் 310 அடி. மேலே 40 அடிக்கு ஏழு அங்குல கேசிங் (மண் சரியாமல் தாங்கும் பைப்), அதன் கீழே ஆறரை அங்குலத் துளை. 190 அடியில் நல்ல தண்ணீர் பீறிட்டது. ஒன்றரை குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் 250 அடியில் தொங்குகிறது.

மே மாதம் வரை குறை சொல்ல முடியாது. ஜூன் மழை பிடித்ததும் வந்தது வினை. மோட்டார் போட்ட பத்து நிமிடத்தில் சுக்குக் காப்பி நிறத்தில் தண்ணீர் வருகிறது. இரண்டு நாள் வெயில் அடித்தால் தெளிகிறது. ஆனால் தெளிந்த தண்ணீரைப் பிடித்து வைத்தாலும் காலையில் வாளி ஓரத்தில் மஞ்சள் கோடு. அம்மாவின் வெள்ளைத் தோர்த்துகள் (துண்டுகள்) எல்லாம் காவியாகிவிட்டன. வீட்டில் எனக்கு ஏச்சு.

போர் போட்டவர்கள் மோட்டாரை இன்னும் 40 அடி இறக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

தோவாளைத் தோட்டம்
500 அடிக்குப் போய்விடுங்கள் தம்பி. எங்கள் பக்கம் 310 அடி எல்லாம் போர் என்றே சொல்ல மாட்டோம்.

வெட்டுக்கல்
தோவாளை அண்ணாச்சி, உங்கள் பக்கத்துக் கணக்கு வேறு, எங்கள் விளவங்கோட்டு மேட்டின் கணக்கு வேறு. கலங்கல் மேலிருந்து வரும்போது அடியில் இன்னும் 200 அடி துளைத்து என்ன பயன்? அடிக்கு இவ்வளவு என்று வண்டிக்காரருக்குக் காசு போகும், அவ்வளவுதான். மோட்டாரை இறக்கினாலும் அதே செம்மண் பின்னாலேயே இறங்கும்.

அருமனைத் தம்பி, துளைக்கும்போது 38 முதல் 60 அடி வரை என்ன நிறத்தில் தூள் வந்தது? யாராவது பார்த்தார்களா? கேசிங்கைச் சுற்றித் தரையில் சிமெண்ட் மேடை கட்டியிருக்கிறீர்களா?

அருமனை விளை
மேடை கட்டவில்லை. பைப் ஒரு சாண் வெளியே நிற்கிறது, மூடி போட்டிருக்கிறேன்.

தூள் விஷயத்துக்கு மச்சான் போனில் எடுத்த வீடியோவை இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். வண்டியில் ஒரு கம்பி 20 அடி. இரண்டாவது கம்பி முடியும் நேரத்தில் சத்தம் மாறிச் சாம்பல் தூள் பறக்கிறது. 'பாறை வந்துவிட்டது, கேசிங் இறக்கலாம்' என்று ஒருவர் கத்துகிறார். மூன்றாவது கம்பி பாதி இறங்கும்போது மறுபடி செக்கச்செவேல் என்று சேறு தெறிக்கிறது. அப்போது நாங்கள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

உண்மையைச் சொல்கிறேன். 40 அடியோடு நிறுத்தலாம் என்றதும் எனக்கும் சந்தோஷம்தான். கேசிங்குக்கு அடிக்கணக்கில் தனிக்காசு.

வெட்டுக்கல்
அந்தச் சேறுதான் பதில். நம் பக்கம் மேலே வெட்டுக்கல் என்கிற செம்பாறை, அதன் கீழே மக்கிய பாறை, அதற்கும் கீழேதான் கெட்டிப் பாறை. மக்கிய மண்ணுக்குள்ளேயே மக்காத உருண்டைப் பாறைகள் புதைந்து கிடக்கும். 38 அடியில் தட்டுப்பட்டது அப்படி ஒன்று. அதையே கெட்டிப் பாறை என்று நினைத்துக் கேசிங்கை அதன் மேல் உட்கார வைத்துவிட்டார்கள். சாம்பல் தூள் வந்தாலும் இன்னும் பத்துப் பதினைந்தடி துளைத்து, நிறம் மாறாமல் வருகிறதா என்று பார்த்த பிறகே கேசிங் இறக்க வேண்டும்.

இப்போது உருண்டைக்குக் கீழே மண்சுவர் திறந்து கிடக்கிறது. மழைக்கு அது ஊறிக் கரைந்து உள்ளே விழுகிறது. மேடையும் இல்லாததால் கூரைத் தண்ணீர் பைப்பின் வெளிப்பக்கமாகவே இறங்கும். போர்வெல் கேமரா விட்டுப் பாருங்கள். அதுவரை மோட்டாரை ஓட்ட வேண்டாம், மணல் போய் உள்ளே சுழலும் இம்பெல்லர் இறக்கைகளைத் தின்றுவிடும்.

குலசேகரம் டீச்சர்
மஞ்சள் கோடு வேறு கதை என்று நினைக்கிறேன். தெளிந்த தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பிடித்தவுடனே கலங்கல் இருந்து அடியில் படிந்தால் மண். பளிச்சென்று இருந்து ஒரு மணி நேரம் கழித்து மஞ்சளித்தால் கரைந்திருக்கும் இரும்பு. காற்றுப் பட்டதும் துருவாகி வெளியே வருகிறது. கொய்யா இலையைக் கசக்கிப் போட்டாலும் தெரியும், இரும்பு இருந்தால் தண்ணீர் கருநீலமாகும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை பிடிக்கும். குடிக்கும் தண்ணீர் என்பதால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விதியிலேயே கேசிங்கைச் சுற்றி அரை மீட்டர் சதுரத்தில் சிமெண்ட் மேடை உண்டு. தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், கீழே 30. மூடியும் கையால் திறக்கிற மாதிரி இருக்கக் கூடாது. 2019இல் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை போர்வெல்லில் விழுந்து இறந்ததை மறந்துவிட முடியுமா? வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்.

திக்கணங்கோடு
இடம் பார்க்கத் தேங்காய்க்காரரைக் கூப்பிட்டீர்களா? எங்கள் வீட்டில் தேங்காய் அவர் உள்ளங்கையில் நிமிர்ந்து நின்றது. 280 அடிவரை தண்ணீர் இல்லாமல் தூள் புகைதான் வந்தது.

அருமனை விளை
கூப்பிட்டோம். எங்களுக்கும் நின்றது. 190 அடியில் தண்ணீர் வந்ததால் அவரைக் குறை சொல்ல வழியில்லை.

அருமனை விளை (பன்னிரண்டு நாள் கழித்து)
மோட்டாரைத் தூக்கிவிட்டுக் கேமரா விட்டோம். 40 அடி வரை பிளாஸ்டிக் சுவர். அதன் கீழே நாலு அடி கருங்கல், வழவழப்பாக. 45 அடியில் ஒரு பக்கம் அடுக்களை அடுப்பு வாய் அளவுக்கு மண் சரிந்து குகையாகியிருக்கிறது, அதிலிருந்து செந்நீர் ஒழுகுகிறது. 57 அடிக்குக் கீழேதான் முழுப் பாறை. 190 அடி வெடிப்பில் வரும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. கேமராக்காரர் திரையை என் பக்கம் திருப்பியபோது அம்மா எட்டிப் பார்த்து, 'இதற்கா என் தோர்த்து போயிற்று' என்றார்.

இப்போது ஐந்தங்குலப் பைப்பை உள்ளே இறக்கலாம் என்கிறார்கள். சரியா?

வெட்டுக்கல்
சரி. நாலங்குல மோட்டார் அதற்குள் தாராளமாகப் போகும். ஆனால் 57 அடியோடு நிறுத்தாதீர்கள், 75 வரை கொண்டுபோங்கள். உள்பைப்பின் அடியில் ரப்பர் பேக்கர் (இடைவெளியை அடைக்கும் வளையம்) கட்டி, பாறைச் சுவரில் இறுகப் பிடித்த பிறகு இடைவெளியில் சிமெண்ட் கரைசல் ஊற்ற வேண்டும். வெறும் பைப்பை இறக்கினால் சேறு வெளிச்சுற்றில் இறங்கி அடியில் உள்ளே நுழைந்துவிடும். சிமெண்ட் ஒரு நாள் காயட்டும். பிறகு கம்பிரசர் வைத்து அடிச்சேற்றை ஊதி எடுத்துவிட்டு மோட்டாரை இறக்குங்கள்.

பழைய கிணற்றைத் தூர்த்துவிடாதீர்கள். ஓட்டுக் கூரைத் தண்ணீரை மணல் தொட்டி வழியாக அதில் விடுங்கள். இந்த வெட்டுக்கல் மண் தண்ணீரை நன்றாகக் குடிக்கும்.

அருமனை விளை
80 அடிக்கு இறக்கினோம். மேடையும் கட்டியாயிற்று. நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் முக்கால் மணி நேரம் ஓட்டினேன், கலங்கல் இல்லை.

டீச்சர், கொய்யா இலை கறுத்தது. ஆய்வகத்துக்குப் பாட்டில் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்கு மாடியில் டிரம் வைத்து, துளையிட்ட பைப்பில் தண்ணீரைத் தூவலாக விழவைத்து, மறு டிரம்மில் மணலும் சல்லியும் போட்டு வடிக்கிறேன். மேல் மணல் நாலே நாளில் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. வாரம் ஒருமுறை அலச வேண்டியிருக்கும் போல. அம்மா இன்னும் புதுத் தோர்த்தை அந்தத் தண்ணீரில் நனைக்கவில்லை. கிணற்றில் கோரித்தான் துவைக்கிறார்.