கேப்டன் ஃபியூச்சர் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரோடு ஞாயிறு மாலை கோயில் மண்டபத்தில் புத்தகம் படிக்கிறோம். அடுத்து ஆலன் ஸ்டீலின் 'அவெஞ்சர்ஸ் ஆஃப் த மூன்' (2017) எடுக்கலாமா என்று யோசனை. 1940-இல் எட்மண்ட் ஹாமில்டன் எழுதத் தொடங்கிய கேப்டன் ஃபியூச்சர் என்ற விண்வெளி சாகசக் கதையை முதலிலிருந்து மறுபடி சொல்லும் நாவல். பெற்றோரை இழந்து நிலாவில் வளரும் கர்ட் நியூட்டன்தான் அந்தக் கேப்டன். அவனை வளர்ப்பது ஒரு ரோபோ, ஓர் ஆண்ட்ராய்டு (மனிதனைப் போலவே செய்யப்பட்ட செயற்கை மனிதன்), உடம்பே இல்லாத ஒரு விஞ்ஞானியின் மூளை. இதைச் சொன்னதுமே ஒரு பையன், "மூளைக்குப் பசிக்குமா சார்?" என்று ஆரம்பித்துவிட்டான்.

என் கவலை வேறு. பழைய கதைகளில் ஏறக்குறைய எல்லாக் கிரகத்திலும் ஆள் இருப்பார்கள், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஸ்டீல் அதை இன்றைய அறிவியலுக்குப் பக்கத்தில் கொண்டுவரப் பார்க்கிறார். அதில் பழைய குஷி போய்விட்டதா? பழசைப் படிக்காமல் நேரே இதில் இறங்கலாமா? நான்காம் படிவப் பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலம் சரிப்படுமா? மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள், திட்டினாலும் சரி. அப்புறம், ஈப்போ பக்கம் யாரிடமாவது பிரதி இருந்தால் இரவல் தருவீர்களா? அட்டை போட்டுத்தான் திருப்பித் தருவேன்.