புதுப்பிப்பு: கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) முடிந்தது

அப்பாவுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய், எனக்கு 39, இப்போதே பார்க்கணுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பார்த்தாகிவிட்டது. 40 வயது, அல்லது குடும்பத்தில் வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்பு, எது முந்தியோ அப்போது தொடங்கணுமாம். நான் ஓராண்டு தாமதம். மலப் பரிசோதனை மட்டும் எனக்குப் போதாது என்றார் டாக்டர்.

குழாய் விட்டது தெரியவே இல்லை. முதல் நாள் குடித்த பேதி மருந்துதான் பாடாய்ப் படுத்தியது. (சிவப்பு சிராப் குடிக்காதீர்கள், உள்ளே ரத்தம் மாதிரி தெரியும்.) 4 மில்லிமீட்டரில் ஒரு பாலிப் (குடல் சுவரில் வளரும் சிறு சதை), அப்போதே எடுத்துவிட்டார்கள். அடினோமாதான் (விட்டுவைத்தால் பின்னாளில் புற்றுநோயாகலாம்), இப்போது புற்றுநோய் இல்லை. அடுத்தது 5 ஆண்டு கழித்து.

மயக்கம் தெளிந்ததும் அக்கா பினாங்குத் தீவிலிருந்து எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரியில் கூட்டிப்போனார். நாசி கண்டார் (குழம்பு ஊற்றிய பினாங்குக் கறிச்சோறு) சாப்பிட்டது மறுநாள்தான்.

தம்பிக்கு 36. சொன்னால், “பார்க்கலாம்கா” என்கிறான்.