ஒரு கரண்டி குழம்பை மைக்ரோவேவில் சூடாக்குபவர்கள் உண்டா?

பள்ளத்தூர்க்காரன்:
ஊரில் அப்பத்தா தனியாக இருக்கிறார். கல்யாணம் என்றால் பந்தி பந்தியாகச் சாப்பிட்ட வீட்டில் இப்போது சமையல் ஒருவருக்குத்தான். மதியம் மிஞ்சிய ஒரு கரண்டி வெண்டைக்காய் மண்டியை (அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் புளிக் குழம்பு) ராத்திரி மைக்ரோவேவில் வைக்கிறார். "ஓரமெல்லாம் தீயுதப்பா, நடுவுல ஜில்லுன்னு கெடக்கு" என்று புகார். கொஞ்சமாக வைத்தால் அடுப்பே கெட்டுவிடும் என்று வேறு யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். உண்மையா?

காரைக்குடி மருமகள்:
பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது அடுப்புக்குத் தெரியாது; ஒரு கரண்டிக்கும் ஒரு சட்டிக்கும் ஒரே வேகத்தில்தான் அலையை அனுப்பும். உணவு உறிஞ்சாத மிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி, அலையை உண்டாக்கும் மேக்னட்ரானையே சூடாக்கும். வெறும் அடுப்பை ஓட்டக்கூடாது என்பது இதனால்தான்.

எங்கள் மாமியாருக்கு மாத்திரை போட இரண்டு வாய் சோறு போதும். கிண்ணத்துக்குப் பக்கத்தில் அரை டம்ளர் தண்ணீர் வைத்துவிடுவார், கண்ணாடி டம்ளரில். மிச்சத்தை அது வாங்கிக்கொள்ளும். பத்து, பதினைந்து விநாடி ஓட்டி, கிளறி, தொட்டுப் பார்த்து மறுபடி. தட்டின் நடுவில் வைக்காமல் ஓரமாக வைத்தால் சுற்றும்போது சூடு கொஞ்சம் பரவுகிறது. நேற்றைய குழம்பு என்றால் மட்டும் ஆவி பறக்கும்வரை விடமாட்டார்.

தேவகோட்டை:
பவரைக் குறைத்தால் போதும் என்று என் தம்பி வாதாடுவான். பல அடுப்புகளில் பாதி பவர் என்றால் மெதுவாக ஓடுவதில்லை; கொஞ்ச நேரம் முழு வேகம், கொஞ்ச நேரம் நிறுத்தம், அவ்வளவுதான். பத்து விநாடிக்கு வைத்தால் அந்தப் பத்தும் முழு வேகத்தில் போய்விடலாம். இன்வெர்ட்டர் வகை மைக்ரோவேவ் வேறு, அது நிற்காமல் உண்மையிலேயே பவரைக் குறைத்து ஓடும். காது கொடுத்துக் கேளுங்கள், சத்தம் மாறுவதிலேயே தெரியும்.

கண்டனூர் ஆச்சி:
தம்பி, அப்பத்தா எந்தக் கிண்ணத்தில் வைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எனாமல் பாத்திரம் அடுக்கடுக்காக இருக்கும். பார்க்கப் பீங்கான் மாதிரி, உள்ளே இரும்பு. அதை வைக்கவே கூடாது. தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டும் அப்படித்தான். எங்கள் நாத்தனார் வீட்டில் அந்தக் கோடு படபடவென்று பொறி பறந்து கறுத்துப்போனது. எவர்சில்வரும் வேண்டாம்.

மகள் வீட்டில் காய்ந்த மிளகாய் இரண்டை மொறுமொறுப்பாக்க உள்ளே வைத்தார்கள். கதவைத் திறந்ததும் உள்முற்றமான வளவில் இருந்தவர்கள்கூட இருமினார்கள். மிளகாய்க்கு கேஸ் அடுப்பில் இரும்புச் சட்டிதான் சரி. ஒரு வாய் கும்மாயமும் (உளுந்து மாவில் வெல்லம், நெய் சேர்த்துக் கிண்டும் இனிப்பு) ஆபத்து. கெட்டியாக இருப்பதால் சூடு உள்ளேயே தங்கும். மேலே ஆறிவிட்டது என்று நினைத்து வாயில் வைத்தால் நாக்கு வெந்துவிடும். கிளறி, ஒரு நிமிஷம் விட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

காரைக்குடி மருமகள்:
ஆச்சி சொன்னது குழந்தைப் பாலுக்கும் பொருந்தும். பாட்டில் வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் கொதித்திருக்கும். எங்கள் வீட்டில் பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிறுத்தி வைப்பதோடு சரி.

பள்ளத்தூர்க்காரன்:
அப்பத்தாவிடம் கேட்டேன். எனாமல் கிண்ணமேதான்! கண்ணாடிக் கிண்ணம் இரண்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.